ஜோர்ஜ் பிரீடெல்: குறைகளைக் கொண்டு ஒழுங்கைக் கண்டவர்

மாணவர்களே, சடப்பொருள் திண்மம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளில் காணப்படும் என நீங்கள் கற்றுள்ளீர்கள். திண்மத்துக்கும் திரவத்துக்கும் இடையே வேறு நிலைகளும் உள்ளன என்பதைத் தெளிவாக நிலைநாட்டியவர் பிரெஞ்சுப் பளிங்கியல் அறிஞர் ஜோர்ஜ் பிரீடெல் ஆவார். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூற்றுப் படைகளை, அவற்றில் தோன்றிய குறைகளைக் கொண்டே அவர் அறிந்தார். அது எவ்வாறு என்பதை இங்கு பார்ப்போம்.

பிறப்பும் கல்வியும்

பிரீடெல் 1865 ஆம் ஆண்டு பிரான்ஸின் அல்சாஸ் பகுதியிலுள்ள மியூலூஸ் நகரில் பிறந்தார். தந்தையார் சார்ள்ஸ் பிரீடெல் புகழ்பெற்ற இரசாயனவியலாளர். மகனுக்கு ஆறு வயதாகும்போது, 1871 இல், போரில் வென்ற ஜேர்மனி அல்சாஸைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. பாரிஸில் சுரங்கப் பொறியியல் கற்ற பிரீடெல், 1893 இல் சென் எத்தியென் நகரச் சுரங்கக் கல்லூரியில் பேராசிரியரானார். 1907 இல் அதன் பணிப்பாளரானார்.

அக்காலத்தின் கேள்வி

1888 ஆம் ஆண்டு ஒஸ்திரியத் தாவரவியலாளர் பிரெடரிக் ரைனிட்சர் ஒரு புதுமையைக் கண்டார். கொலெஸ்டெரில் பென்சோவேற்று என்னும் பதார்த்தம் 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கலான திரவமாகியது. 178.5 பாகையில் அது தெளிந்த திரவமாகியது. இத்தகைய பதார்த்தங்களை ஆராய்ந்த ஜேர்மன் அறிஞர் ஒட்டோ லேமன் அவற்றைத் திரவப் பளிங்குகள் என அழைத்தார். சிலரோ அது வெறும் அழுக்குக் கலந்த திரவமே என வாதிட்டனர். பாயும் பொருளினுள் ஒழுங்கு இருக்க முடியுமா? இதுவே அன்றைய கேள்வி.

நுணுக்குக்காட்டியில் கண்டவை

1910 அளவில் பிரீடெல், பிரான்சுவா கிரான்ஜானுடன் சேர்ந்து இத்தகைய பதார்த்தங்களை மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து முனைவாக்கிய ஒளியில் நோக்கினார். சில பதார்த்தங்களில் நுண்ணிய கோடுகள் தெரிந்தன. அவை தாறுமாறான கோடுகள் அல்ல. ஒவ்வொரு நீள்வளையத்துடனும் ஓர் அதிபரவளைவு சோடியாக இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அமைந்து, ஒவ்வொன்றும் மற்றதன் குவியத்தினூடாகச் சென்றன. பெரிய நீள்வளையங்களுக்கு இடையே எஞ்சிய இடத்தைச் சிறியவை நிரப்பின.

கோலம் ஏன் தோன்றுகிறது?

உங்கள் அப்பியாசக் கொப்பியை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், வளையும், ஆனால் எந்தத் தாளின் தடிப்பும் மாறாது. நீண்ட மூலக்கூறுகள் படைபடையாக அடுக்கப்பட்ட பதார்த்தமும் இவ்வாறே நடந்துகொள்ளும். படைகளை வளைப்பது எளிது. அவற்றின் தடிப்பை மாற்றுவது மிகக் கடினம்.

இப்பதார்த்தம் ஒடுங்கிய இடத்தில் அடைபட்டால் என்ன நடக்கும்? உதாரணமாக, கீழேயுள்ள கண்ணாடி மூலக்கூறுகளைப் படுக்க வைக்க, மேலேயுள்ள வளி அவற்றை நிமிர்ந்து நிற்க வைக்கலாம். இரண்டுக்கும் இணங்க வேண்டுமாயின் படைகள் வளைந்தே ஆகவேண்டும். சம தடிப்புள்ள படைகள் வெங்காயத்தின் படைகள் போல ஒன்றினுள் ஒன்றாக வளையும்போது, உள்ளே செல்லச் செல்ல வளைவு இறுகும். இறுதியில் வளைவதற்கு இடமே இல்லாத ஓரிடம் வரும். அவ்விடத்தில் ஒழுங்கு முறியும். அதுவே குறை.

அடைபட்ட இடத்தில் இக்குறைகள் பரந்த பரப்புகளாக அமைவதைவிட மெல்லிய கோடுகளாகச் சுருங்கும்போது சக்தி இழப்புக் குறைவு. அவ்வாறு சுருங்கும் கோடுகள் நீள்வளையம், அதிபரவளைவு என்னும் சோடியாகவே அமைய முடியும். இதற்கான கேத்திரகணிதத்தை 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சார்ள்ஸ் டுப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் ஆராய்ந்திருந்தார். இச்சோடியின் மிக எளிய வடிவம் ஒரு வட்டமும் அதன் மையத்தினூடாகச் செல்லும் நேர்கோடும் ஆகும்.

இக்கோலத்திலிருந்து பிரீடெல் பின்னோக்கிச் சிந்தித்தார். குறைகள் இவ்வடிவில் இருப்பதாயின், உள்ளே சம தடிப்புள்ள படைகள் இருந்தே ஆகவேண்டும் என முடிவு செய்தார்.

முடிவும் மெய்ப்பிப்பும்

முதலாம் உலகப் போரின் பின்னர் அல்சாஸ் மீண்டும் பிரான்ஸுடன் சேர்ந்தது. 1919 இல் பிரீடெல் தாம் பிறந்த மண்ணுக்குத் திரும்பி, ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1922 இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், இவை கலவைகள் அல்ல, சடப்பொருளின் தனி நிலைகளே என அவர் விளக்கினார். படையமைப்புள்ள நிலைக்குச் சவர்க்காரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஸ்மெக்டிக் எனவும், நூல் போன்ற கோடுகள் தெரியும் நிலைக்கு நெமற்றிக் எனவும் பெயரிட்டார். மூன்றாவது வகை கொலெஸ்டெரிக் ஆகும். திரவப் பளிங்கு என்னும் பெயரை அவர் ஏற்கவில்லை. ஆயினும் அப்பெயரே உலகில் நிலைத்தது.

1923 இல் மோரிஸ் டி புரோய் என்பவரும் பிரீடெலின் மகன் எட்மனும் எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்தி ஸ்மெக்டிக் படைகள் உண்மையில் இருப்பதைக் காட்டினர். தந்தை நுணுக்குக்காட்டியால் ஊகித்ததை மகன் அளந்து உறுதிப்படுத்தினார். நோய் காரணமாக 1930 இல் ஓய்வுபெற்ற பிரீடெல், 1933 இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் காலமானார்.

இன்றைய பயன்

2007 இல் தென்கொரிய ஆய்வாளர்கள் சிலிக்கன் தட்டில் வெட்டிய நுண்ணிய கால்வாய்களில் ஸ்மெக்டிக் பதார்த்தத்தை இட்டனர். குறைகள் தாமாகவே ஒழுங்கான வரிசைகளில் அமைந்தன. அன்று தற்செயலாகத் தோன்றிய கோலத்தை, அடைக்கும் இடத்தின் வடிவத்தை மாற்றுவதன் மூலம் இன்று நாமே திட்டமிட முடிகிறது. ஓர் ஒழுங்கு முறியும் இடத்தைக் கவனமாக நோக்கினால் அந்த ஒழுங்கின் இயல்பை அறியலாம் என்பதே பிரீடெலின் வாழ்விலிருந்து நீங்கள் பெறவேண்டிய பாடமாகும்.

நினைவில் கொள்க

1865 – பிறப்பு
1910 – குறைக்கோடுகள் பற்றிய ஆய்வு
1922 – மூவகை நிலைகளுக்கும் பெயரிடல்
1923 – எக்ஸ் கதிர் மூலம் உறுதிப்படுத்தல்
1933 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. ஸ்மெக்டிக், நெமற்றிக் என்னும் பெயர்கள் எவற்றைக் குறிக்கும் சொற்களிலிருந்து வந்தவை?
2. அப்பியாசக் கொப்பி உதாரணத்தைக் கொண்டு ஸ்மெக்டிக் படைகளின் இயல்பை விளக்குக.
3. ஒடுங்கிய இடத்தில் அடைபடும்போது குறைகள் தோன்றுவது ஏன்?