ஒதுக்கப்பட்டோரை எழுதிய விக்டர் ஹியூகோ

பழைய தமிழ்ப் படங்களில் ஜாவர் சீதாராமன் என்ற நடிகரின் பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். 'ஜாவர்' என்ற அந்த முற்பெயர் அவருக்கு ஒரு நாவலிலிருந்து கிடைத்தது. 1950ஆம் ஆண்டு வெளிவந்த 'ஏழை படும் பாடு' படத்தில் ஜாவர் என்னும் பொலிஸ் அதிகாரியாக அவர் நடித்தார். அதன் பிறகு பாத்திரத்தின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஜாவரைப் படைத்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ. அவர் 1862இல் வெளியிட்ட 'லே மிசராப்ள்' என்ற நாவலைத்தான் யோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார்.

உயர்தரப் பரீட்சைக்குப் பின் சட்டம் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதனாலோ என்னவோ, அந்நாவலை வாசித்தபோது பாண் திருடியவனைவிட, அவனைத் துரத்திய சட்டத்தின் காவலனே என் மனதை அதிகம் அலைக்கழித்தான். இந்தக் கதையை எழுதியவர் எந்தப் பக்கத்தில் நின்றவர் என்று அறிய ஆசைப்பட்டு ஹியூகோவின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவர் ஒரு பக்கத்தில் வளர்ந்து, மெல்ல மெல்ல மறுபக்கத்துக்கு நடந்து போனவர் என்பதை அறிந்தபோது வியந்தேன். அந்த நடையைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

பிறப்பும் புகழும்

ஹியூகோ 1802 பெப்ரவரி 26ஆம் திகதி பிரான்ஸின் பெசான்சோன் நகரில் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். தாயோ மன்னராட்சியை விரும்பியவர். கருத்தில் மட்டுமன்றி இல்லறத்திலும் அவர்கள் பிரிந்தே வாழ்ந்தனர். மூன்று ஆண்பிள்ளைகளில் இளையவரான ஹியூகோ, தந்தையின் பணி காரணமாக இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சில காலம் இருந்தபோதும், பெரும்பாலும் பாரிஸில் தாயின் நிழலிலேயே வளர்ந்தார். தாயின் அரசியலே இளமையில் அவரது அரசியலாகவும் இருந்தது.

1822இல் அவரது முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. மன்னர் பதினெட்டாம் லூயி அவருக்கு உதவித்தொகை வழங்கினார். அதே ஆண்டில் சிறுவயது முதல் அறிந்திருந்த அடேலை மணந்தார். 1831இல் வெளிவந்த 'நோத்ர டாம்' நாவல் அவரது புகழை நாடெங்கும் பரப்பியது. 1841இல் பிரெஞ்சு அகடமியின் உறுப்பினரானார். 1845இல் மன்னர் அவரைப் பிரபுக்கள் சபையில் அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது 43.

இந்த ஏற்றங்களுக்கு நடுவே ஒரு பேரிடியும் விழுந்தது. 1843 செப்டெம்பர் 4ஆம் திகதி அவரது மூத்த மகள் லியோபோல்டின், செய்ன் நதியில் படகு கவிழ்ந்து கணவனோடு மூழ்கிப் போனாள். அவளுக்கு வயது 19. மணமாகி ஏழு மாதம்கூட நிறையவில்லை. பயணத்தில் இருந்த தந்தை, ஐந்து நாட்களின் பின் வழியில் ஒரு கடையில் எடுத்துப் பார்த்த பத்திரிகை மூலமே அதை அறிந்தார். அதற்குப் பின் பல ஆண்டுகள் அவர் பெரிய நூல் எதையும் வெளியிடவில்லை.

அவர் கண்ட பாரிஸ்

இன்று பாரிஸ் என்றதும் நமக்கு ஈபிள் கோபுரமும் அகன்ற வீதிகளும் நினைவுக்கு வரும். ஹியூகோவின் நாவலில் வரும் பாரிஸ் வேறு. ஒடுங்கிய, வெளிச்சம் புகாத சந்துகள். ஒரே அறையில் நெருங்கிக் கிடக்கும் குடும்பங்கள். தெருவில் உறங்கும் சிறுவர்கள். 1832இல் அந்நகரில் பரவிய வாந்திபேதி 18,000க்கும் அதிகமானோரைக் கொன்றது. மக்களின் அன்பைப் பெற்றிருந்த ஜெனரல் லமார்க்கும் அந்நோயால் இறந்தார். ஜூன் 5ஆம் திகதி அவரது இறுதி ஊர்வலத்தில் கிளர்ச்சி வெடித்தது. அன்று தெருவில் சென்றுகொண்டிருந்த ஹியூகோ, இரு பக்கத் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையில் அகப்பட்டு, தூண்களின் மறைவில் நின்று உயிர் தப்பினார். நாவலில் இளைஞர்கள் மடியும் அந்தத் தெருப்போர் இதுவே. 1815க்கும் 1833க்கும் இடைப்பட்ட காலத்தை முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்து எழுதியதால்தான் அது வரலாற்று நாவலாகிறது.

வேறு காட்சிகளும் அவர் மனதில் சேர்ந்துகொண்டிருந்தன. 1839இல் தூலோன் துறைமுகத்தில் கைதிகள் சங்கிலியோடு வேலை செய்யும் சிறைக்கூடத்தைப் பார்த்தார். 1841 ஜனவரியில் ஒரு குளிர் இரவில், தெருவில் நின்ற ஓர் ஏழைப் பெண்ணின் உடைக்குள் பணக்கார வாலிபன் ஒருவன் பனியை அள்ளித் திணித்ததைக் கண்டார். அவள் அவனைத் திருப்பி அடித்தாள். பொலிஸார் அவளை மட்டுமே பிடித்துச் சென்றனர். ஹியூகோ பொலிஸ் நிலையத்துக்குள் சென்று, தான் யார் என்பதைச் சொல்லி, சாட்சியெழுதிக் கையொப்பமிட்டு அவளை விடுவித்தார். பெயரில்லாதவளின் சொல் அங்கே எடுபடவில்லை. பெயருள்ளவரின் கையெழுத்து எடுபட்டது. நாவலில் வரும் பான்டீன் என்ற தாயின் கைது இச்சம்பவத்திலிருந்து பிறந்தது.

1846 பெப்ரவரியில் மற்றொரு காட்சி. பாண் திருடினான் என்று ஒரு மெலிந்த மனிதனைப் படைவீரர் இருவர் நடத்திச் செல்கிறார்கள். பக்கத்தில் சின்னம் பொறித்த குதிரை வண்டி நிற்கிறது. உள்ளே வெல்வெட் உடையணிந்த சீமாட்டி குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள். அவன் அவளையே பார்க்கிறான். அவள் அவனைக் காணவே இல்லை. ஹியூகோ இதைத் தன் குறிப்பில் எழுதி வைத்தார். அவள் அவனைக் காணாததுதான் அவருக்கு அச்சம் தந்தது.

பாதியில் நின்ற நாவல்

1845 நவம்பரில் அவர் இந்நாவலைத் தொடங்கினார். பசித்த பிள்ளைகளுக்காக ஒரு பாண் திருடிய ஜான் வல்ஜான், தப்பியோட முயன்றதற்கான தண்டனையும் சேர்ந்து 19 ஆண்டுகள் சிறையிலிருக்கிறான். வெளியே வந்தபோது மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதைக் காட்டிய இடமெல்லாம் கதவு மூடப்படுகிறது. ஒரு பாதிரியார் மட்டும் உணவும் படுக்கையும் தருகிறார். அவரது வெள்ளிப் பாத்திரங்களையே அவன் திருடிச் செல்ல, அவை தாம் கொடுத்தவை என்று பொலிஸாரிடம் சொல்லிக் காப்பாற்றுகிறார். அன்று முதல் அவன் வேறு மனிதன். ஆயினும் ஜாவர் அவனை விடுவதில்லை.

இந்தக் கதையைப் பாதிவரை எழுதியிருந்தபோது 1848 பெப்ரவரிப் புரட்சி வந்தது. எழுத்து நின்றது. ஹியூகோ மக்கள் பிரதிநிதியானார். அந்த ஆண்டு ஜூனில் வேலையற்ற தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர் அரசாங்கத்தின் தரப்பில் தடுப்பரண்களுக்கு எதிரே போய் நின்று, கிளர்ச்சியாளரைச் சரணடையக் கேட்டார். தோழிகளே, இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். ஏழைகளைப் பற்றிய நாவலின் கைப்பிரதி வீட்டுப் பெட்டியில் இருக்க, அதை எழுதியவர் ஏழைகளுக்கு எதிரே நிற்கிறார்! சட்டம் காக்கப்பட வேண்டும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஜாவரும் அப்படித்தான் நம்பினான்.

எனினும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1849 ஜூலையில், வறுமையை உலகிலிருந்து ஒழிக்க முடியும் என்று சட்டசபையில் பேசி, தன் அணியினரின் எதிர்ப்பையே சம்பாதித்தார். 1851இல் லில் நகரில் நெசவுத் தொழிலாளர் குடியிருந்த நிலவறைகளுக்குள் இறங்கிப் பார்த்தார்.

போலிக் கடவுச்சீட்டு

1851 டிசெம்பர் 2ஆம் திகதி ஜனாதிபதி லூயி நெப்போலியன் சட்டசபையைக் கலைத்து அதிகாரத்தைக் கைப்பற்றினார். முன்பு அவரை ஆதரித்தவர் ஹியூகோ. இப்போது எதிர்த்து நின்றார். டிசெம்பர் 11ஆம் திகதி இரவு, ஒரு தொழிலாளியின் உடையில், அச்சுக்கோப்பவர் ஒருவரின் பெயரிலிருந்த கடவுச்சீட்டோடு பிரஸல்ஸுக்குப் புகையிரதம் ஏறினார். நாவலின் கைப்பிரதி இருந்த பெட்டியை அவருடைய நெடுங்காலத் துணையான ஜூலியட் பின்னர் கொண்டுபோய்ச் சேர்த்தார். மஞ்சள் கடவுச்சீட்டோடு ஒருவனை அலையவிட்ட எழுத்தாளர், தானே பொய்க் கடவுச்சீட்டோடு எல்லை தாண்டினார்.

பிரஸல்ஸிலிருந்து ஜேர்சித் தீவு. 1855இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டு கேர்ன்சித் தீவு. நாடு கடந்த வாழ்வு ஏறக்குறைய 19 ஆண்டுகள் நீண்டது. ஜான் வல்ஜானின் சிறைக்காலமும் அதே அளவு என்பதைக் கணக்கிட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1859இல் பொதுமன்னிப்பு வந்தது. ஹியூகோ ஏற்கவில்லை. மன்னிக்கும் உரிமை குற்றமிழைத்தவனுக்கு இல்லை என்பது அவர் நிலைப்பாடு.

கேர்ன்சியில் கடலைப் பார்த்த வீட்டின் உச்சியில், கண்ணாடி அறையில் நின்றுகொண்டே எழுதினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி நாட்களைப் பற்றி அவர் மதிப்போடு எழுதிய ஒரு நீண்ட கவிதையும் இத்தீவு வாசத்தின் போதே பிறந்தது என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. 1862 முதல் தீவின் ஏழைச் சிறுவர்களை வாரந்தோறும் வீட்டுக்கு அழைத்துத் தன் மேசையில் உணவளித்தார்.

1860 ஏப்ரலில், பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடந்த அந்தக் கைப்பிரதியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பலவற்றைத் திருத்தினார், புதிய பகுதிகள் சேர்த்தார். வோட்டர்லூ போர்க்களத்தை நேரில் பார்க்கப் பெல்ஜியம் சென்று, 1861 ஜூன் 30ஆம் திகதி அப்போர்க்களத்தின் அருகிலேயே எழுதி முடித்தார். அடுத்த ஆண்டு நாவல் ஐந்து பாகங்களாக வெளிவந்தது. பாரிஸில் புத்தகக் கடை திறக்குமுன்பே கூட்டம் நின்றது. தனியே வாங்க முடியாத தொழிலாளர்கள் காசு சேர்த்து வாங்கி, கைமாற்றி வாசித்தனர்.

அதன் தலைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிரெஞ்சில் அச்சொல் வறுமைப்பட்டவரையும் குறிக்கும். இழிந்தவர் என்று வெறுக்கப்படுவோரையும் குறிக்கும். தமிழ்த் தலைப்பு முதற் பொருளைச் சொல்கிறது. ஏழையாக இருப்பவனை எப்போது நாம் இழிந்தவனாகவும் எண்ணத் தொடங்குகிறோம் என்பதே நாவலின் கேள்வி. ஜாவர்கூடச் சிறையில் பிறந்தவன்தான். தன் பிறப்பை மறைக்கவே சட்டத்தை இறுகப் பிடித்தான். தான் துரத்திய மனிதன் தன் உயிரைக் காத்தபோது, சட்டத்துக்கு மேலே ஒன்று இருப்பதைக் கண்டு, அதைத் தாங்க முடியாமல் செய்ன் நதியில் குதித்து மாண்டான். அவனைக் கெட்டவன் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. இரக்கம் கலக்காத நேர்மை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அவன் எச்சரிக்கை.

ஒரு நியாயமான கேள்வி

இந்நாவலைப் பற்றி எங்கள் வகுப்பில் பேசியபோது ஒரு தோழி கேட்டாள்: ஏழைகளின் துயரத்தை எழுதி மூன்று இலட்சம் பிராங்க் வாங்கியவர் எப்படி ஏழைகளின் எழுத்தாளராவார்? கேள்வி நியாயமானது. ஹியூகோ குறையற்ற மனிதருமல்ல. இளைய மகள் அடேல் மனநோயுற்று வாடியபோது, அந்தத் துயரை அவரால் மாற்ற முடியவில்லை. மனைவிக்கு அவர் தந்த வேதனையும் உண்டு.

என் பதில் 1871இல் இருக்கிறது. பேரரசு வீழ்ந்து 1870 செப்டெம்பரில் அவர் தாயகம் திரும்பியிருந்தார். மறு ஆண்டு பாரிஸ் கம்யூன் கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. அதன் வழிமுறைகள் எல்லாவற்றையும் ஏற்காதபோதும், தப்பி வருவோருக்குத் தன் பிரஸல்ஸ் வீட்டில் அடைக்கலம் உண்டு என்று பத்திரிகையில் அறிவித்தார். இரவில் கும்பல் வந்து வீட்டுக்குக் கல்லெறிந்தது. பெல்ஜிய அரசு அவரை வெளியேற்றியது. பின்னர் செனட் சபையில் அவர்களின் பொதுமன்னிப்புக்காகத் தொடர்ந்து வாதாடினார். 1880இல் அது கிடைத்தது. 1848இல் தடுப்பரணுக்கு எதிரே நின்றவரும் 1871இல் கதவைத் திறந்தவரும் ஒரே மனிதர். இரண்டுக்கும் நடுவே அந்த நாவல் இருக்கிறது. அதை எழுதியதில் முதலில் மாறியவர் எழுத்தாளர்தான்.

இரண்டு கல்லறைகள்

1885 மே 22ஆம் திகதி 83 வயதில் ஹியூகோ காலமானார். 50,000 பிராங்கை ஏழைகளுக்கு எழுதி வைத்திருந்தார். தன் உடல் ஏழைகளின் சவவண்டியில் செல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தார். அரசு பிரமாண்டமான ஏற்பாடுகளைச் செய்தபோதும், ஜூன் 1ஆம் திகதி அந்த எளிய கறுப்பு வண்டியே அவரைப் பந்தியோன் மண்டபத்துக்குக் கொண்டு சென்றது. வீதியோரங்களில் இருபது இலட்சம் பேர் வரை திரண்டிருந்தனர் என்பர்.

நாவலின் முடிவில் ஜான் வல்ஜானுக்கும் ஒரு கல்லறை உண்டு. புல் மூடிய மூலையில், பெயர் பொறிக்காத கல். பெயர் பெற்றவர் பெயரில்லாதவனுக்காகத் தன் வாழ்நாளில் பதினாறு ஆண்டுகளைத் தாண்டிய ஓர் உழைப்பைத் தந்தார். நாளை நம்மில் சிலர் நீதிமன்றத்தில் நிற்போம். சிலர் வகுப்பறையில், சிலர் அலுவலக மேசையில். நம் முன்னே ஒருவர் ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். அந்தக் காகிதத்தின் நிறத்தைப் பார்க்குமுன் அவருடைய முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டால், ஹியூகோவைப் படித்ததன் பயன் நமக்குக் கிடைத்துவிடும்.