லீவு எடுத்தும் டீயைத் தேடிப் போன மனுஷன்!

காஞ்சிபுரம் பக்கத்துல கூரத்துல, தறிச் சத்தத்துக்கு நடுவுல ஒரு ஸ்ட்ராங் டீ சொல்லியிருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. கிளாஸ் வர்றதுக்குள்ள ஜேம்ஸ் டெய்லர் கதையைப் படிச்சிடலாம்.

1835-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ப்ளஸ் ஒன் படிக்கிற வயசில், 1852-ல் இலங்கையில் வந்து இறங்கினார். வந்தது காபித் தோட்ட வேலைக்கு. 1867-ல் கண்டி அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ரெண்டே வருஷத்தில் காபிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்க ஆரம்பிச்சது. காபி அழிய அழிய, தேயிலைதான் இலங்கைக்குக் கைகொடுத்தது.

அவருக்கு முதல் ஃபேக்டரி, பங்களா வராண்டாதான். இலையைக் கையால் சுருட்டி, கரி அடுப்பில் உலர்த்தினார்கள். சுருட்டும்போது கசியும் சாறு, காற்று பட்டுக் கறுக்கும். உங்க டீயின் நிறமும் ருசியும் பிறக்கிற இடம் அதுதான். சீனாவின் யுன்னானில் பூ-அர் டீயை வருஷக்கணக்கில் முதிர வைப்பாங்க. பிளாக் டீக்குச் சில மணி நேரமே போதும்.

1873-ல் 23 பவுண்டு தேயிலை லண்டன் போச்சு. அடுத்த வருஷம் லீவு எடுத்தார். எங்கே போனார் தெரியுமா? டார்ஜிலிங்குக்கு, டீ பற்றிக் கத்துக்க! கல்யாணமும் பண்ணிக்கலை, சொந்த ஊருக்கும் திரும்பலை.

40 வருஷம் உழைச்சவரை 1892-ல் நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. அவர் தோட்டத்தை விட்டுப் போக மறுத்தார். அதே வருஷம் மே மாசம், 57 வயசில், வயிற்றுக்கடுப்பு வந்து அங்கேயே இறந்தார். தொழிலாளர்கள் அவர் உடலைக் கண்டி வரை தோளில் சுமந்தாங்க. இலங்கைத் தோட்டங்களில் இலை பறிச்ச கைகளில் பெரும்பாலானவை நம்ம ஊர்களிலிருந்து போனவை.

டீ வந்தாச்சா? ஆறுறதுக்குள்ள குடிங்க.