மின்மோட்டார் தந்த மேதை

களக்காட்டு வாழைத்தோட்டங்களுக்கு நீரிறைக்கும் மின்மோட்டாரின் தண்டில் ஆப்புப் பதியும் பள்ளமொன்று உண்டு. பல பற்களையுடைய உளியைச் சுழற்றி உலோகத்தைச் சீவும் மில்லிங் இயந்திரமே அதனை வெட்டுவது. அளவு மயிரிழை பிசகினும் சக்கரம் ஆடிவிடும்.

இத்தகைய நுண்தொழிலை நம்மவரும் ஆற்ற வல்லர் எனக் காட்டியவர், கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு ஆவர். இளமையிலேயே பள்ளியைத் துறந்த அன்னார், உணவுவிடுதியில் ஊழியஞ்செய்து ஈட்டிய பொருளால் மோட்டார் சைக்கிளொன்றை வாங்கி, அதனைக் கழற்றிப் பூட்டியே பொறிநுட்பம் பயின்றார். 1920-இல் பேருந்து ஓட்டத் தொடங்கினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடி, இந்தியாவின் முதலாவதெனப் போற்றப்படும் மின்மோட்டாரை ஆக்கினார். 1945-இல் கோவையில் பொறியியற் கல்லூரி தோன்றப் பொருளீந்து, அதன் முதல்வருமானார்; படிப்புக் காலத்தைச் சுருக்கவேண்டுமென்ற தம் கொள்கை ஏற்கப்படாமையால் அப்பதவியை நீத்தார். 1974-இல் மறைந்தார்.

கையும் கருத்தும் ஒருங்கே உழைப்பதே கல்வியென்பதை, ஏட்டோடு அமைந்துவிடும் மாணவராகிய நாம் அவர்பால் கற்போமாக.