கல்லும் மனமும் கட்டிய கோயில்கள்
பல்லவ அரசன் ராஜசிம்மன் வரலாறு

காஞ்சீபுரத்தின் மேற்குப் பக்கம், நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்கு அருகே, ஒரு பழைய கோயில் இருக்கிறது. அதுதான் கைலாசநாதர் கோயில். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் போகிற கூட்டம் இங்கே வருவது இல்லை. ஆனால், காஞ்சீபுரத்தில் இன்று நிற்கும் கற்கோயில்களிலே மிகப் பழையவற்றில் ஒன்று இது. கட்டி ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் ஆகின்றன.

கட்டியவன் பல்லவ அரசன் ராஜசிம்மன். அவனுக்கு இரண்டாம் நரசிம்மவர்மன் என்றும் பெயர் உண்டு.

அவன் வரலாற்றைச் சொல்லும்போது ஓர் ஏழையின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசன் பெயரைக் கல்வெட்டு காப்பாற்றியது. ஏழையின் பெயரை மக்கள் காப்பாற்றினார்கள்.

போர் நடந்த நாடு

ராஜசிம்மனின் கொள்ளுப் பாட்டன் மாமல்லன். முதலாம் நரசிம்மவர்மன் என்பவன் அவன்தான். கி. பி. 642-ல் மாமல்லனின் படை சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைப் பிடித்தது. சாளுக்கியர்கள் அந்த அவமானத்தை மறக்கவில்லை. 30 ஆண்டுகள் கழித்து முதலாம் விக்கிரமாதித்தன் பெரும் படையுடன் வந்தான். காஞ்சி அவன் கையில் விழுந்தது. அப்போது காஞ்சியில் அரசனாக இருந்தவன் பரமேசுவரவர்மன். அவன் தலைநகரை விட்டுப் போய், மீண்டும் படை திரட்டி, பெருவளநல்லூரில் சாளுக்கியரை எதிர்த்து வென்றான்.

அந்தப் பரமேசுவரவர்மனின் மகன்தான் ராஜசிம்மன். கி. பி. 700-ஐ ஒட்டி அவன் ஆட்சிக்கு வந்தான். பாட்டன் காலத்துப் பகையைக் கிளறிக் கொண்டு அவன் திரியவில்லை. அவன் காலத்தில் நாட்டில் பெரும்பாலும் அமைதி இருந்தது. போருக்குப் போகும் பணம் கோயிலுக்குப் போயிற்று.

கடல் கடந்தும் அவன் புகழ் பரவியது. 720-ல் அவனுடைய தூதர்கள் சீன நாட்டுக்குப் போனதாகச் சீனர்களின் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

கல் மேல் கல்

அந்தக் காலத்துக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல், மரம், சுண்ணாம்பு ஆகியவற்றால் ஆனவை. மழையிலும் வெயிலிலும் அவை அழிந்து போகும். முதலாம் மகேந்திரவர்மன் மலையைக் குடைந்து கோயில் அமைத்தான். மாமல்லன் காலத்தில் பாறைகளைச் செதுக்கினார்கள். ஆனால் மலை இருக்கும் இடத்தில்தானே அதைச் செய்ய முடியும்? ஊர் நடுவில் மலைக்கு எங்கே போவது?

ராஜசிம்மன் கற்களை வெட்டிக் கொண்டு வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கோயில் கட்டினான். மாமல்லபுரத்தில் அலை மோதும் கரையில் நிற்கிறதே, அந்தக் கடற்கரைக் கோயில் அவன் காலத்தது. விழுப்புரம் பக்கம் பனமலையில் உள்ள கோயிலும் அவன் கட்டியதே.

அவற்றுள் பெரியது காஞ்சிக் கைலாசநாதர் கோயில். அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். சுற்று மதிலின் உட்புறம் 58 சிறு கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. தூண்களைச் சிங்கங்கள் தாங்குகின்றன. கல்லின் மேல் சுண்ணாம்பு பூசி, அதன் மேல் வண்ணப் படம் எழுதினார்கள். அந்தப் படங்களின் மிச்சத்தை 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டுபிடித்தார்.

குடும்பமே இந்தத் திருப்பணியில் சேர்ந்தது. அரசி ரங்கபதாகை முன்புறத்தில் ஒரு சிறு கோயில் எடுப்பித்தாள். மகன் மகேந்திரவர்மனும் ஒரு கோயில் கட்டினான்.

கோயிலுக்கு அரசன் தன் பெயரையே வைத்தான். ராஜசிம்மேசுவரம் என்பது அதன் பழைய பெயர். அதுவும் போதவில்லை. தன் பட்டப் பெயர்களையும் சிறு கோயில்களின் வரிசை நெடுகப் பொறித்தான். போரில் வெல்பவன், ஆகமங்களை விரும்புபவன், இசைக் கருவிகளில் வல்லவன் என்று ஏறக்குறைய 250 பட்டங்கள்! தன்னை உலகம் மறந்துவிடக் கூடாது என்பதில் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

அரசன் கேட்ட குரல்

கருவறையைச் சுற்றி ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஒரு வியப்பான செய்தி வருகிறது. பழைய யுகத்தில் துஷ்யந்தன் முதலிய அரசர்கள் வானத்திலிருந்து வந்த குரலைக் கேட்டார்களாம். நல்லவை குறைந்துபோன இந்தக் கலியுகத்திலும் ராஜசிம்மன் அந்தக் குரலைக் கேட்டானாம்.

குரல் என்ன சொன்னது என்று கல்வெட்டு கூறவில்லை. அரசன் எவ்வளவு பெரியவன் என்று காட்டுவதுதான் அதன் நோக்கம்.

அந்தக் குரலின் கதையை வேறோர் ஊர் வேறு மாதிரி சொல்லுகிறது. அந்த ஊர் திருநின்றவூர். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் இருக்கிறது.

ஏழை கட்டிய கோயில்

திருநின்றவூரில் பூசலார் என்ற அடியார் இருந்தார். சிவபெருமானுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. ஊர் ஊராக அலைந்து பொருள் தேடினார். ஒரு காசும் சேரவில்லை.

அவர் மனம் தளரவில்லை. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டத் தொடங்கினார். கல்லும் மரமும் தேடினார். தச்சர்களை அமர்த்தினார். நல்ல நாள் பார்த்து அடிப்படை போட்டார். இரவிலும் உறங்காமல் வேலையைக் கவனித்தார். விமானம் எழுந்தது. சிகரம் வைத்தார். சுதை வேலை செய்தார். கிணறு வெட்டினார், குளம் தோண்டினார், மதில் எழுப்பினார். எல்லாம் மனத்தில்தான்! கடைசியில் கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்துவிட்டார்.

அதே நாளில்தான் காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலுக்கும் கும்பாபிஷேகம். முதல் நாள் இரவு அரசனின் கனவில் சிவபெருமான் தோன்றினார். நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குள் நாளை தாம் புகப் போவதாகவும், அரசன் தன் விழாவை வேறு நாளில் வைத்துக் கொள்ள வேண்டும் என்றும் கூறி மறைந்தார்.

அரசன் விழித்தான். அத்தனை சிறந்த அடியாரைப் பார்த்தே தீர வேண்டும் என்று திருநின்றவூருக்கு ஓடினான். பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். ஊரார் விழித்தார்கள். அப்படி ஒரு கோயிலே இல்லை என்றார்கள். பிறகு அரசன் பூசலாரையே கண்டு வணங்கி, நடந்ததைச் சொன்னான். பூசலார் மருண்டார், உருகினார். பணம் இல்லாததால் நினைவிலே கட்டிய கோயில் அது என்று சொன்னார். அரசன் தரையில் விழுந்து வணங்கினான்.

குரல் ஒன்று, கதை இரண்டு

சுந்தரர் பாடிய அடியார் வரிசையில் பூசலார் பெயர் வருகிறது. அவர் கதையை விரிவாகச் சொன்னவர் பெரிய புராணம் பாடிய சேக்கிழார். அவர் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அதாவது ராஜசிம்மன் காலத்துக்கு 400 ஆண்டுகளுக்குப் பிற்பட்டவர். அரசனின் பெயரை அவர் சொல்லவில்லை. காடவர் மன்னன் என்றே சொல்லுகிறார். காடவர் என்றால் பல்லவர். காஞ்சியில் கற்கோயில் கட்டியவன் என்பதாலும், தெய்வக் குரலைக் கேட்டதாகக் கல்வெட்டு சொல்வதாலும், அவன் ராஜசிம்மனே என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கதையிலும் அரசனுக்குத் தெய்வம் பேசுகிறது. கல்வெட்டில் அந்தக் குரல் அரசனை உயர்த்துகிறது. மக்கள் சொன்ன கதையில் அதே குரல் அரசனைக் காத்திருக்கச் சொல்லுகிறது. இடையில் ஓடிய 400 ஆண்டுகளில் மக்களின் நினைவு ஏழையை முன்னால் கொண்டு வந்து நிறுத்திவிட்டது.

ஆனால் மக்கள் அரசனைத் தாழ்த்திவிடவும் இல்லை. அவன் கோபம் கொள்ளவில்லை, ஏழையைத் தேடிப் போனான், காலில் விழுந்தான். 250 பட்டங்கள் காட்டாத ஒரு பெருமையை மக்கள் அவனுக்குக் கொடுத்தார்கள்.

காஞ்சிப் பட்டு நெய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டையும் கோத்து நெய்தால்தான் சேலை. கல்வெட்டும் கதையும் அப்படித்தான். ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டால் ராஜசிம்மன் முழுசாகக் கிடைக்க மாட்டான்.

பகைவன் வந்தான்

728-ஐ ஒட்டி ராஜசிம்மனின் ஆட்சி முடிந்தது. அவனுக்குப் பின் வந்த மகன் இரண்டாம் பரமேசுவரவர்மன் சில ஆண்டுகளே ஆண்டான். அதோடு அந்த வம்சம் நின்றது. பல்லவர் கிளையிலிருந்து நந்திவர்மன் என்ற 12 வயதுச் சிறுவனை அழைத்து வந்து அரசனாக்கினார்கள்.

அவன் காலத்தில் சாளுக்கியர் மறுபடியும் வந்தார்கள். இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். வாதாபிக்குப் பழி வாங்க இதைவிட நல்ல சமயம் ஏது? ஆனால் அவன் ராஜசிம்மன் கோயிலை இடிக்கவில்லை. கொள்ளை அடிக்கவும் இல்லை. கோயிலின் செல்வத்தைக் கோயிலுக்கே கொடுத்தான். அதைக் கன்னடத்தில் எழுதி வைத்தான். கைலாசநாதர் கோயில் மண்டபத் தூணில் அந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

அவன் நாட்டிலோ நினைவு வேறு. அங்கே பட்டடக்கல்லில் அவன் அரசி லோகமகாதேவி ஒரு பெரிய கோயில் கட்டினாள். கணவன் காஞ்சியை மூன்று முறை வென்றதற்கு அது நினைவுச் சின்னம். ஒரே அரசனைக் காஞ்சித் தூண் கொடையாளியாகச் சொல்லுகிறது. பட்டடக்கல் வெற்றி வீரனாகச் சொல்லுகிறது.

மூடிய கோயில்

அத்தனை புகழ் பெற்ற கோயிலுக்கும் கெட்ட காலம் வந்தது. சோழன் குலோத்துங்கன் காலத்தில் அது மூடப்பட்டது. அதன் நிலங்கள் விற்கப்பட்டன. பிறகு 14-ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்துக் கம்பண உடையார் காலத்தில்தான் கோயிலை மீண்டும் திறந்து, நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். இதையும் அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது.

நாளடைவில் ராஜசிம்மேசுவரம் என்ற பெயர் வழக்கத்தில் இல்லாமல் போயிற்று. கைலாசநாதர் கோயில் என்பதே நிலைத்தது. அந்தப் பழைய எழுத்துகளைப் படிக்கவும் ஆள் இல்லை. 1890-ல் ஜெர்மானிய அறிஞர் ஹூல்ட்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்டார். அப்போதுதான் அரசனின் பட்டங்களும் அவன் கேட்ட குரலும் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

பூசலாருக்கு அப்படி ஓர் அறிஞர் தேவைப்படவில்லை. தாய் பிள்ளைக்குச் சொன்னாள். கோயிலில் புராணம் படித்தவர் ஊருக்குச் சொன்னார். எழுத்துத் தெரியாதவர்களும் அந்தக் கதையைத் தெரிந்து வைத்திருந்தார்கள். திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. மனத்தில் கட்டிய கோயிலுக்குக் கல்லில் எழுந்த நினைவு அது. ஆண்டுதோறும் ஐப்பசி மாதம் அனுஷ நட்சத்திரத்தில் சிவன் கோயில்களில் பூசலாருக்குக் குருபூஜை நடக்கிறது. அன்றைக்கு அவர் கதையைச் சொல்லுகிறவர்கள் காஞ்சி அரசனையும் சேர்த்தே சொல்லுகிறார்கள்.