நிலநடுக்கத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த ஜான் மில்ன்: யார் இவர்?

பொறியியல் மாணவர் ஒருவர் லேப்டாப்பில் பட்டனை அழுத்துகிறார். வேறொரு ஊரில் உள்ள ஆய்வகத்தில் ஒரு மேசை ஆடத் தொடங்குகிறது. அதன்மேல் நிற்கும் மாதிரிக் கட்டடம் எப்படி வளைகிறது, எவ்வளவு ஆடுகிறது என்பதெல்லாம் கேமரா வழியே அவருடைய ஸ்க்ரீனுக்கு வந்துவிடுகிறது. ‘ஷேக் டேபிள்’ எனப்படும் இந்த மேசையைத் தொலைவிலிருந்தே இயக்கிப் பாடம் நடத்துவது இன்டர்நெட் தந்த வசதி. ஆனால், நிலநடுக்கத்தை நாமே உண்டாக்கிப் பார்ப்பதும், எங்கோ இருக்கும் கருவியிடமிருந்து தகவல் வாங்குவதும் ரொம்பப் பழைய யோசனைகள். இரண்டிலும் இறங்கி வேலை பார்த்தவர் ஜான் மில்ன்.

சுரங்கம் படித்தவர்

1850 டிசம்பர் 30 அன்று இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். படித்தது சுரங்கப் பொறியியல். நாட்டை வேகமாக நவீனமாக்க நினைத்த ஜப்பானின் மெய்ஜி அரசு, வெளிநாட்டு நிபுணர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. டோக்கியோ பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வேலை 1875-ல் மில்னுக்குக் கிடைத்தது. கடல் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் முடிந்தவரை தரைவழியாகவே, சைபீரியாவைக் கடந்து, பல மாதங்கள் பயணித்து 1876 மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். வந்த முதல் இரவே பூமி ஆடியதாகச் சொல்வார்கள்.

1880 பிப்ரவரி 22 அன்று யோகோஹாமாவை உலுக்கிய நிலநடுக்கம் அவர் பாதையை மாற்றியது. அதே ஆண்டு ஜப்பான் நிலநடுக்கவியல் சங்கம் உருவானது. சக பேராசிரியர்கள் ஜேம்ஸ் யூயிங், தாமஸ் கிரே ஆகியோருடன் சேர்ந்து நவீன நில அதிர்வுமானிகளை வடிவமைத்தார்.

காத்திருக்க முடியாதே!

நிலநடுக்கம் டைம்டேபிள் பார்த்து வராது. அப்புறம் எப்படிப் பாடம் நடத்துவது? மில்ன் அதைச் செயற்கையாக வரவழைத்தார். கனமான இரும்புக் குண்டை உயரத்திலிருந்து விழவைத்தார்; டைனமைட் வெடித்தார்; அதிர்வு மண்ணில் எப்படிப் பரவுகிறது என்று அளந்தார். கல்லூரி வளாகத்தில் பல இடங்களில் கருவிகளை வைத்து, மின்கம்பியால் இணைத்து, எல்லாவற்றிலும் ஒரே நேரக் குறி விழும்படி செய்தார். ஒரே வளாகத்துக்குள்ளேயே ஒரு இடம் அதிகமாகவும் இன்னொரு இடம் குறைவாகவும் ஆடுவது தெரிந்தது. கட்டடம் கட்டும் முன் அடியில் இருப்பது எந்த மண் என்று பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் கிடையாது.

டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் அலுவலகங்களுக்கு அஞ்சலட்டைக் கட்டுகளை அனுப்பினார். வாரம் ஒரு கார்டு. அதில் உணர்ந்த அதிர்வுகளை எழுதி அனுப்ப வேண்டும். அன்றைய ‘டேட்டா கலெக்‌ஷன்’ இதுதான்.

அவருடைய சுவாரசியமான சோதனை, இரும்புக் குண்டுகள் மேல் நின்ற சிறிய மர வீடு. கீழே நிலம் ஆடினாலும் வீடு ஆடக் கூடாது என்பது திட்டம். பெரிய குண்டுகளை வைத்தபோது காற்றடித்தாலே வீடு நகர ஆரம்பித்தது! அளவைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் கால் அங்குல குண்டுகளில் வந்து நின்றார். அஸ்திவாரத்தைக் கட்டடத்திலிருந்து பிரித்துவைக்கும் இன்றைய ‘பேஸ் ஐசொலேஷன்’ தொழில்நுட்பத்தின் முன்னோடி இது.

1891: நிஜத் தேர்வு

1891 அக்டோபர் 28 அன்று மினோ-ஓவாரி நிலநடுக்கத்தில் 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மேற்கத்திய பாணியில் கட்டிய செங்கல் கட்டடங்கள் நொறுங்கின. நாகாரா ஆற்றின் புத்தம்புது ரயில் பாலமும் விழுந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் கொண்டுவந்த ‘மாடர்ன்’ கட்டுமானம்தான் இங்கே கேள்விக்குள்ளானது. மில்னும் ஒரு வெளிநாட்டு நிபுணர் என்பதை மறக்க முடியாது.

அடுத்து அவர் செய்தது நேரடியான வேலை. மாணவர் ஓமோரி ஃபுசாகிச்சியுடன் சேர்ந்து, கையால் இயக்கும் ஆடும் மேசையில் செங்கல் தூண்களை நிறுத்தி, எவ்வளவு வேகமாக ஆட்டினால் அவை உடையும், எப்போது கவிழும் என்று அளந்தார். முடிவுகள் 1893-ல் வெளியாயின. இன்றைய ஷேக் டேபிள்களின் பாட்டன் அந்த மேசை. ஓமோரி பின்னர் நிலநடுக்கவியலில் பெரிய பெயர் எடுத்தார்.

கொடைக்கானலிலும் ஒரு கருவி

1895-ல் தீ விபத்தில் மில்னின் டோக்கியோ வீடும் ஆய்வகமும் எரிந்துபோயின. அதே ஆண்டு ஜப்பானிய மனைவி தோனேவுடன் இங்கிலாந்து திரும்பி, வைட் தீவின் ஷைட் என்ற இடத்தில் குடியேறினார். ஜப்பானில் நடந்த நிலநடுக்கம் ஜெர்மனியில் உள்ள கருவியில் பதிவாகும் என்பது 1889-லேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் உலகம் முழுக்கக் கருவி வைத்தால்? பல நாடுகளில் மில்ன் கருவிகள் பொருத்தப்பட்டன. 1897 அசாம் நிலநடுக்கத்துக்குப் பிறகு கல்கத்தாவின் அலிப்பூர், பம்பாயின் கொலாபா, நம் கொடைக்கானல் ஆகிய இடங்களுக்கும் அவை வந்தன. பதிவுகள் தபாலில் ஷைட்டுக்குப் போகும். அங்கே தொகுத்து வெளியிடுவார்கள்.

கருவியில் ஒரு குறை இருந்தது. ஆடத் தொடங்கிய ஊசலை அடக்க வழி இல்லாததால், நிலம் நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டிருக்கும். ஜெர்மானியக் கருவிகள் பிறகு முந்திச் சென்றன.

1913 ஜூலை 31 அன்று மில்ன் இறந்தார். தோனே பின்னர் ஜப்பானுக்கே திரும்பினார். தகவல் தொகுக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. பல கைகள் மாறி, இன்று இங்கிலாந்தில் உள்ள சர்வதேச நிலநடுக்கவியல் மையத்தில் தொடர்கிறது.