சிற்றறையில் பிறந்த சபை
(புனித பிலிப்பு நேரியாரின் வாழ்க்கைச் சுருக்கம்)

ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்புகிறோம். கோவிலுக்கு வர இயலாமல் படுக்கையில் இருக்கும் பாட்டி, இன்று சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று ஆவலோடு கேட்கிறார். நல்ல பிரசங்கம் என்கிறோம். அதற்குமேல் சொல்ல நமக்கு வார்த்தை வருவதில்லை. கேட்டதெல்லாம் கோவில் வாசற்படியோடு நின்றுவிட்டது. இது குருவானவரின் குறையன்று. நம் காதின் குறையும் அன்று. கேட்டதை நாலுபேர் கூடியிருந்து பேசிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அந்தப் பழக்கத்தைக் கொண்டே உரோமை மாநகரின் முகத்தை மாற்றிய புனிதர் ஒருவர் உண்டு. நம் பங்கின் யூபிலி வேளையில் அவரை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

பிலிப்பு நேரியார் 1515-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பத்திரம் எழுதும் தொழில் செய்தவர். பிலிப்பு சிறுவயதிலேயே தாயை இழந்தார். எப்போதும் சிரித்த முகமாய் இருந்த அந்தச் சிறுவனை ஊரார் நல்ல பிலிப்பு என்றே செல்லமாக அழைத்தனர். புனித சாமிநாதர் சபைத் துறவியரின் மடத்தில் அவருடைய பக்திக்கு வித்திடப்பட்டது. ஏறக்குறைய 18 வயதில், வியாபாரியான உறவினர் ஒருவரிடம் அனுப்பப்பட்டார். அவருடைய சொத்துக்கு வாரிசாகும் வாய்ப்பு காத்திருந்தது. பிலிப்போ அதை உதறிவிட்டு உரோமைக்கு நடந்தார்.

அங்கே தம் ஊரார் ஒருவரின் இரு புதல்வர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, எளிய உணவோடு வாழ்ந்தார். தத்துவமும் இறையியலும் சில காலம் பயின்றபின் தம் புத்தகங்களை விற்றுவிட்டார். பகலில் கடைவீதிகளில் வாலிபரோடு பேசிப் பழகுவார். இரவில் வேதசாட்சிகளின் நிலவறைக் கல்லறைகளில் செபிப்பார். 1548-ல் தம் ஞானக்குருவோடு சேர்ந்து ஒரு பக்தசபையைத் தொடங்கினார். 1550-ஆம் யூபிலி ஆண்டில் உரோமைக்கு வந்த ஏழைத் திருப்பயணிகளுக்கு அச்சபையினர் உணவும் உறைவிடமும் அளித்தனர். 1551 மே 23-ஆம் நாள், 36 வயதை நெருங்கும்போது, ஞானக்குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து பிலிப்பு குருப்பட்டம் பெற்றார்.

அதன்பின் புனித எரோணிமுஸ் ஆலயத்தை அடுத்திருந்த இல்லத்தில் அவருக்கு ஒரு சிறு அறை கிடைத்தது. அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்த வாலிபர் சிலர் பிற்பகலில் அங்கே கூடலானார்கள். தொடக்கத்தில் ஏழெட்டுப் பேர்தான். பிலிப்பு கட்டிலில் சாய்ந்திருப்பார்; மற்றவர்கள் கிடைத்த இடத்தில் அமர்வார்கள். ஞான நூல் ஒன்றிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படும். அது தம் உள்ளத்தைத் தொட்ட விதத்தை ஒருவர் சொல்வார். மற்றொருவர் தம் ஐயத்தைக் கேட்பார். வேறொருவர் தம் அனுபவத்தைச் சேர்ப்பார். கடைசியில் பிலிப்பு சில வார்த்தைகளில் முடித்து வைப்பார்.

இதனால் விளைந்த நன்மைகள் பல. முதலாவது, கேட்பவன் பேசுகிறவனானான். பேச வேண்டியவன் கவனமாய்க் கேட்பான் அன்றோ? இரண்டாவது, வேற்றுமை அகன்றது. பிரபு குலத்தவரும் கைத்தொழிலாளரும் ஒரே அறையில் அமர்ந்தனர். மூன்றாவது, தற்பெருமைக்கு அங்கே இடமில்லாது போயிற்று. அலங்காரப் பேச்சைப் பிலிப்பு விரும்புவதில்லை. சிறப்பாகப் பிரசங்கித்துப் புகழ்பெற்ற ஒருவரை, அதே பிரசங்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி அவர் பணித்ததாகச் சொல்வர். இவருக்கு இது ஒன்றுதான் தெரியும் போலும் என்று மக்கள் எண்ணவே, அவருடைய கர்வம் அடங்கிற்று. நான்காவது, பேச்சு பேச்சோடு நிற்கவில்லை. கூடியவர்கள் மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளின் படுக்கையைச் சீர்செய்தார்கள், உணவு ஊட்டினார்கள்.

புனித சவேரியார் இந்தியாவிலிருந்து எழுதிய மடல்களும் அங்கே வாசிக்கப்பட்டன. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த அந்த மகானைப் பற்றிக் கேட்டு உள்ளம் கனிந்த பிலிப்புவும் தோழர்களும் இந்தியாவுக்கே புறப்பட விரும்பினர். ஆனால் பிலிப்பு ஆலோசனை கேட்ட ஒரு துறவி, உரோமைதான் அவருடைய இந்தியா என்று உணர்த்தினார். பிலிப்பு பணிந்தார்.

கூட்டம் பெருகவே அறை போதவில்லை. ஆலயத்தின் மேற்பகுதியில் ஒரு செபக்கூடம் அமைந்தது. அங்கே எளிய உரைகளும் பாடல்களும் நடந்தன. ஒராத்தோரியோ என்னும் இசை வடிவம் பெயர் பெற்றது இக்கூடத்திலிருந்தே. பாரோனியுஸ் என்ற சட்ட மாணவர் இங்கே வந்து சேர்ந்தார். சாவையும் நரகத்தையுமே பேசி வந்த அவரைத் திருச்சபையின் வரலாற்றைச் சொல்லும்படி பிலிப்பு பணித்தார். ஆண்டுக்கணக்காய் அவர் சொல்லி வந்ததே பிற்காலத்தில் 12 பெரும் தொகுதிகளாக நூலுருப் பெற்றது. அவரும் கர்தினாலாக உயர்ந்தார்.

சோதனையும் வராமலில்லை. பொதுநிலையினர் கூடி ஞான காரியங்களைப் பேசுவதா என்று சிலர் ஐயுற்றனர். பாப்பரசர் நான்காம் சின்னப்பரின் காலத்தில், பிலிப்பு சில நாட்கள் பாவசங்கீர்த்தனம் கேட்கலாகாது என்று தடையும் விதிக்கப்பட்டது. அவர் முறுமுறுக்கவில்லை, கீழ்ப்படிந்து காத்திருந்தார். தடை நீங்கிற்று. பின்னொரு முறையும் ஐயம் எழுந்தபோது, விசாரிக்க வந்த துறவியர் கூட்டங்களில் அமர்ந்து கேட்டு நல்லறிக்கையே தந்தனர். மேய்ப்பரோடு சேர்ந்திருக்கும் சிறு குழு வழிதவறாது என்பது இதனால் விளங்கும். 1575-ல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் ஒராத்தோரியன் சபையை அங்கீகரித்தார்.

1595 மே 26-ஆம் நாள், தேவநற்கருணைத் திருநாள் முடிந்த இரவில், பிலிப்பு நேரியார் இறைவனடி சேர்ந்தார். 1622 மார்ச் 12-ஆம் நாள் இஞ்ஞாசியார், சவேரியார், அவிலா தெரேசம்மாள், உழவரான இசிதோர் ஆகியோரோடு ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றார். எந்தச் சவேரியாரின் மடல்களைக் கேட்டு மகிழ்ந்தாரோ, அவரோடே பீடமேறினார்!

பிலிப்பு இந்தியாவுக்கு வரவில்லை. அவருடைய சபை வந்தது. கோவாவில் அச்சபையை 1685-ல் உருவாக்கிய யோசேப்பு வாஸ் அடிகளார், தமிழைக் கற்று, 1687-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். ஒல்லாந்தரின் தடைக்கு அஞ்சாமல், குருவின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடிச் சென்று ஆதரித்தார். 2015-ல் அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நம் பங்கிலும் அன்பியங்கள் கூடுகின்றன. செபமாலை சொல்கிறோம், பாடுகிறோம், காபி குடித்துப் பிரிகிறோம். அதனோடு ஞாயிறு பிரசங்கத்தில் நமக்குப் பட்டதை ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன? படித்தவர் மட்டும் பேசாமல், மீன் விற்கும் அக்காவும் பள்ளிப்பிள்ளையும் பேசட்டும். முடிவில், இந்த வாரம் யார் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று தீர்மானிப்போம். அடுத்த ஞாயிறு பாட்டி கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் ஏதாவது இருக்கும். சிரித்த முகத்துப் புனிதரின் மன்றாட்டு நமக்குத் துணை நிற்பதாக.