நிலாவுக்கு வண்ணம் பூசியவர்

கறுப்பு வெள்ளைக் காலத்திலேயே கலர் படம் காட்டின ஒருத்தரைப் பற்றி எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க.

ஜார்ஜ் மெலியே 1861 டிசம்பர் 8 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். அப்பா பெரிய ஷூ தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்கோ மேஜிக் மேலதான் ஆசை. 1888-ல் ஒரு மேஜிக் அரங்கத்தையே வாங்கிவிட்டார். 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்களின் சினிமாவைப் பார்த்தார். உடனே அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார். தரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. அவர் விடலையே! லண்டனிலிருந்து படம் காட்டும் கருவியை வரவழைத்து, அதையே கேமராவாக மாற்றிக்கொண்டார். 500-க்கும் அதிகமான படங்கள் எடுத்தார்.

அந்தக் காலத்து பிலிமில் நிறம் வராது. அது மட்டுமில்லை, சிவப்புத் துணி கறுப்பாத் தெரியும், நீலம் வெள்ளையா வெளுத்துப்போகும். அதனால் காட்சித் திரைகளை எல்லாம் அவர் சாம்பல் நிறத்திலேயே வரைய வைத்தார். நிறமெல்லாம் படம் எடுத்த பிறகுதான்.

அதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. பிலிமைச் சாயத்தில் முக்கி எடுப்பது. ராத்திரி காட்சிக்கு நீலம், தீப்பிடிக்கும் காட்சிக்குச் சிவப்பு. ஆனால் படம் முழுக்க ஒரே நிறமாகிவிடும். சட்டை ஒரு நிறம், புகை ஒரு நிறம் வேணும்னா கையாலதான் தீட்டணும்.

மெலியே தன் படங்களைப் பாரிஸில் எலிசபெத் துய்லியே என்ற அம்மாவின் பட்டறைக்கு அனுப்பினார். அங்கே 200-க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை பார்த்தாங்க. ஒருத்திக்கு ஒரே நிறம்தான். தன் நிறத்தைத் தீட்டிவிட்டு அடுத்தவளிடம் கொடுக்கணும். ஒவ்வொரு படமும் தபால்தலை அளவுதான் இருக்கும். 1902-ல் வந்த ‘நிலாவுக்குப் பயணம்’ கால் மணி நேரப் படம், அதில் 13,375 படங்கள்! இன்னொரு பிரதி வேணும்னா மறுபடி முதலிலிருந்து தீட்டணும். எனக்கு ஒரு இந்தியா மேப் கலர் அடிக்கவே கை வலிக்குது. அந்த 200 பேரில் ஒருத்தர் பேர்கூட நான் படித்ததில் இல்லை. அது எனக்கு வருத்தம்தான்.

பிறகு மெலியே நொடித்துப்போனார். 1923-ல் தன் படங்களின் நெகட்டிவ்களைத் தானே எரித்துவிட்டார். பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில் பொம்மையும் மிட்டாயும் விற்றுப் பிழைத்தார். 1931-ல் பிரான்ஸ் அரசு அவருக்கு உயர்ந்த விருது கொடுத்தது. 1938 ஜனவரி 21 அன்று காலமானார்.

நிலாப் படத்தின் கலர் பிரதி அழிஞ்சே போச்சுன்னு எல்லாரும் நினைச்சிருந்தாங்க. 1993-ல் ஸ்பெயினில் பார்சிலோனா நகரில் ஒன்று கிடைத்தது. ஒட்டிப்போய்க் கட்டியா இருந்த அதை மெதுவா மெதுவா பிரித்தாங்க. சரிசெய்ய பல வருஷம் ஆச்சு. 2011 மே மாதம் கேன் திரைப்பட விழாவில் திரையிட்டாங்க. அதில் ஒரு கொடி வருது. படம் பிரான்ஸ் நாட்டுடையது, கொடி மட்டும் ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு மஞ்சளில் இருக்கு!

- 9-ஆம் வகுப்பு மாணவி